மான்செஸ்டர் குளிரிலிருந்து ஃபீனிக்ஸ் வெயிலுக்கு: வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனிலிருந்து அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கு, குறிப்பாக ஃபீனிக்ஸ் நகரத்துக்கு, வேலை மாறிப் போகும் பிள்ளைகளைப் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மகளும் மருமகனும் மான்செஸ்டரிலிருந்து ஜூன் கடைசியில் ஃபீனிக்ஸுக்குக் குடிபோகிறார்கள். கைக்குழந்தை இருப்பதால் கூடமாட ஒத்தாசைக்கு நானும் போகிறேன். எனக்கு பிரஷர் மாத்திரை உண்டு. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் வடகம் போட்டவளுக்கு அந்த ஊர் வெயில் என்ன செய்துவிடும், அண்ணாச்சி?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: செய்யும், அம்மா. நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தொட்டாலே பேச்சாகிவிடுகிறது. அங்கே 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் விடாமல் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. ராத்திரியிலும் ஆறுதல் கிடையாது. தாரும் கான்கிரீட்டும் விடிய விடியச் சூட்டைக் கக்கும். அந்த ஜூலையில் பல இரவுகள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனியும் ஆடியும்தான் அவர்களுக்கு உச்ச வெயில். முடிந்தால் உங்கள் பயணத்தை அக்டோபர் பாதிக்குத் தள்ளுங்கள். குழந்தைக்காக இப்போதே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

அது வறண்ட சூடு. இங்கே ரவிக்கை நனைந்ததும் தண்ணீர்ச் செம்பைத் தேடுவோம். அங்கே வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், எவ்வளவு குடிக்கலாம், அளவை மாற்ற வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. 40 டிகிரிக்கு மேல் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும். அங்கே ஏசி ஆடம்பரம் இல்லை, குடிதண்ணீர் மாதிரி.

மகளிடம் சொல்லவேண்டியவை: வீடு பார்க்கும்போது மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் வேண்டாம், அடுக்குமாடியில் உச்சி மாடியும் வேண்டாம். ஏசியின் ஃபில்டரை வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றவேண்டும். அளவு அதன் விளிம்பிலேயே அச்சாகியிருக்கும். அம்புக்குறி காற்று போகும் திசையில், இயந்திரத்தைப் பார்த்து இருக்கவேண்டும். அறைக்குள் வரும் காற்று, திரும்ப உள்ளிழுக்கப்படும் காற்றைவிட 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால் ஏசி சரியாக ஓடுகிறது. வெளியே உள்ள யூனிட் 'ம்ம்' என்று முனகியும் விசிறி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சூட்டில் முதலில் சாகும் உறுப்பு அதுதான். சின்னப் பாகம், மெக்கானிக் மாற்றக் கொஞ்ச நேரமே ஆகும். ஆனால் ஜூலையில் அவர் வந்து சேர்வதற்குள் வீடு அடுப்பாகிவிடும். அதனால் அடுத்த வருடத்திலிருந்து மே மாதமே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு மாட்டுங்கள். வாசலுக்கு வெறுங்காலோடு போகும் நம் பழக்கம் அங்கே ஆகாது, பகல் தார்ச்சாலை 70 டிகிரியைத் தாண்டும். இன்சுலின் போன்ற மருந்துகள் தபாலில் வந்தால் இரும்புத் தபால்பெட்டியில் வெந்துபோகும். வந்த அன்றே எடுக்கவேண்டும்.

இன்னொன்று. அரிசோனா மண்ணில் ஒரு பூஞ்சை உண்டு. தூசியோடு மூச்சில் போனால் 'வேலி ஃபீவர்' என்ற நுரையீரல் காய்ச்சல் வரலாம். ஊர் திரும்பியபின் வாரக்கணக்கில் இருமல், காய்ச்சல், அசதி இருந்தால் "அரிசோனாவில் இருந்தேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காசநோய் என்றே தேடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: மகன் லண்டன் வீட்டுச் சாமான்களை அப்படியே கப்பலில் ஏற்றுகிறான். நாங்கள் வாங்கிக்கொடுத்த கிரைண்டர், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு அங்கே ஓடுமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பிரிட்டனும் நம் ஊரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். செல்போன், லேப்டாப் சார்ஜரில் '100-240' என்று போட்டிருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். 750 வாட் மிக்ஸிக்கு, வோல்ட்டை ஏற்றித் தரும், 1500 வாட் தாங்கும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். கல்லுக் கனம் கனக்கும். கிரைண்டரில் இன்னொரு வில்லங்கம்: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது. கிரைண்டரின் இண்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். உளுந்து சூடாகும், பெல்ட் தேயும். அமெரிக்க மின்சாரத்துக்கென்றே செய்த கிரைண்டர் அங்கே கிடைக்கிறது, அதை வாங்குவதே மேல். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைக் கப்பலில் ஏற்றாதீர்கள். அங்கே சாதாரண 15 ஆம்பியர் பிளக்கின் உச்ச அளவே 1800 வாட்தான்.

மாவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மருமகள் கேட்பார். லண்டனில் மாவு பொங்க ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்திருப்பார்கள். ஃபீனிக்ஸில் கோடையில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் மாதிரிதான் வரும். அதனால் உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்தே ஆட்டவேண்டும். ஏசி 25, 26 டிகிரியில் இருக்கும் வீட்டுக்குள் 8 முதல் 10 மணி நேரத்தில் பொங்கிவிடும். கார் நிறுத்தும் கராஜில் வைத்தால் காடியாகப் புளித்து, தோசைக்குக்கூட உதவாது.

ஊரிலிருந்து அரிசி கொடுத்தனுப்ப நினைக்காதீர்கள். தானியத்தை அரிக்கும் காப்ரா வண்டு பயத்தால் இந்தியாவிலிருந்து பயணப் பெட்டியில் அரிசி கொண்டுவர அமெரிக்காவில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அப்படியே.

கேள்வி: என் டெபாசிட், சேமிப்புக் கணக்கு எல்லாவற்றிலும் மகன் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அவனுக்கு இங்கே வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், பிரிட்டனில் வரிவிலக்குள்ள ஐசா சேமிப்பு. அமெரிக்கா போனால் சிக்கல் வருமா?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி டவுன்

பதில்: வரும், சார். அதிலும் உங்கள் டெபாசிட்டே முதல் சிக்கல். மகன் அமெரிக்க வரிக் குடியிருப்பாளர் (அங்கே வரிக்கணக்கு காட்டவேண்டியவர்) ஆனபின், வெளிநாட்டுக் கணக்குகள் அனைத்தும் சேர்ந்து வருடத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் 'எஃப்பார்' என்ற அறிக்கையை அவர் ஆன்லைனில் தாக்கல் செய்யவேண்டும். கெடு ஏப்ரல் 15, அது தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். 'இருவரில் யாரும்' என்று கூட்டாக இருக்கும் உங்கள் கணக்கும், பணம் முழுக்க உங்களுடையதே ஆனாலும், முழுத்தொகையாக அதில் வரும். கூட்டுப் பெயரை நீக்கிவிட்டு மகனை நாமினியாகப் போடுங்கள். நாமினி கணக்கு இந்தக் கணக்கெடுப்பில் சேராது. உங்கள் காலத்துக்குப் பின் பணம் அவர் கைக்குப் போக அதுவே போதும்.

என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரியில்லை, அங்கே உண்டு. இங்கே கட்டாததால் அங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஐசாவின் வரிவிலக்கை அமெரிக்கா மதிப்பதில்லை. எல்லாவற்றையும்விடத் தொல்லை மியூச்சுவல் ஃபண்ட்: இந்திய ஃபண்டானாலும், ஐசாவுக்குள் இருக்கும் பிரிட்டிஷ் ஃபண்டானாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாக 8621 என்ற படிவம், கடுமையான வரிக்கணக்கு. படிவத்துக்கான ஆடிட்டர் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். விற்பதாக இருந்தால் அமெரிக்க வரிக் குடியிருப்பு தொடங்குமுன் விற்கவேண்டும். ஆனால் அப்போது பிரிட்டனில் வரிக் குடியிருப்பில் இருந்தால் இந்திய ஃபண்ட் லாபத்துக்கு அங்கே வரி வரலாம். தேதியைக் கணக்குப் பார்த்து வையுங்கள். நேரடியாக வாங்கிய கம்பெனிப் பங்குகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

கேள்வி: பர்மிங்ஹாமில் இருக்கிறேன், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். அமெரிக்க கிரீன் கார்டு சீக்கிரம் கிடைக்கும்தானே?
- வாசகர், தென்காசி

பதில்: இல்லை. கிரீன் கார்டு வரிசை பாஸ்போர்ட்டை வைத்து அல்ல, பிறந்த நாட்டை வைத்து. தென்காசியில் பிறந்தவர் நீண்டு கிடக்கும் இந்திய வரிசையில்தான். மனைவி பிரிட்டனில் பிறந்தவர் என்றால் அவர் பிறந்த நாட்டின் வரிசையில் நீங்களும் சேரலாம். அங்கே பிறந்த பிள்ளையால் பெற்றோருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. மனைவி இன்னும் பாஸ்போர்ட் வாங்காமல் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியில் இருந்தால், 2 வருடத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே தங்கினால் அது காலாவதியாகிவிடும். கிளம்பும் முன் அவருக்கும் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கும் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்தபோது வருசத்துக்கு ரெண்டு தடவை போன் நேரம் மாறும். ஃபீனிக்ஸிலும் அப்படியா?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: இல்லை. அரிசோனா பெரும்பாலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஃபீனிக்ஸ் வருடம் முழுக்க நமக்கு 12½ மணி நேரம் பின்னால். ராத்திரி 8 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே காலை 7:30, பேரப்பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் அவசரம். காலை 7 மணிக்குக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு முந்தைய நாள் மாலை 6:30.