எலிப்பாத வீக்கச் சோதனை: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, எம்.ஃபார்ம் மாணவி: சார், வீக்கம் அடக்கும் மருந்தைச் சோதிக்க, வீக்கம் வரவைக்கும் காராஜீனன் (கடற்பாசியில் எடுக்கும் பொடி) ஊசி போட்டும் பாதி எலிகளுக்குப் பாதம் வீங்கவில்லை. ஐஸ்கிரீம் கம்பெனிக்குச் சப்ளை செய்பவரிடம் வாங்கிய பொடி. அதுதான் காரணமா?

முதலில் அதைத்தான் சந்தேகப்படணும் அம்மா. உணவுத் தொழிலில் அதிகம் புழங்கும் கப்பா வகை, சூடாக்கி ஆறவிட்டால் கட்டியாக உறைந்துவிடும். நமக்கு வேண்டியது உறையாத லாம்ப்டா. 1 சதவீதக் கரைசல் போதும்: 10 மில்லி சலைனுக்கு (உப்புநீர்க் கரைசல்) 100 மில்லிகிராம். பொடியை மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழுப்பு, உள்ளே காய்ந்த மாவு என்று உருண்டை கட்டும். சலைன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இரவு ஊறவிட்டு, காலையில் கலக்குங்கள்.

அடுத்தது கை. 26 கேஜ் ஊசி, பின்னங்காலின் உள்ளங்காலில் தோலுக்கடியில், 0.1 மில்லி. சட்டென்று உருவினால் துளை வழியே திரும்பி வழியும். உள்ளங்காலில் பளபளவென்று ஒரு துளி நின்றால் அந்த எலிக்கு முழு அளவு போகவில்லை. ஐந்தாறு விநாடி நிறுத்தி, பிறகு மெல்ல எடுங்கள்.

வாளையார்: பிளெதிஸ்மோமீட்டரில் (பாதத்தைத் திரவத்தில் முக்கி அதன் கன அளவைக் காட்டும் கருவி) ஒரே பாதத்துக்கு மூன்று ரீடிங், மூன்றும் வேறு வேறு.

கணுக்காலில் மார்க்கர் கோடு போட்டீர்களா? எப்போதும் அந்தக் கோடுவரைதான் முக்கணும். ஒவ்வொரு பாதமும் கொஞ்சம் திரவத்தை எடுத்துக்கொண்டு போகும், மட்டத்தைத் திரும்பச் சரிசெய்யுங்கள். அளப்பவர் ஒருவரே இருக்கட்டும், எந்த எலி எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது. ஊசிக்கு முன் ஒரு ரீடிங், பின் மணிக்கு ஒன்றாக 5 மணிநேரம். மருந்து தராத கண்ட்ரோல் குழுவில் 0.80 மில்லி ஏறி, மருந்துக் குழுவில் 0.48 ஏறினால் தடுப்பு 40 சதவீதம்.

கொல்லங்கோடு: அண்ணா, நொச்சி எக்ஸ்ட்ராக்ட்டை வயிற்றுக்குள் ஊசியாகப் போட்டதில் வழக்கமான வீக்க மருந்து இண்டோமெதசினை விடவே நன்றாக வீக்கம் அடங்கியது. எழுதிவிடலாமா?

பொறுங்கள் தம்பி. வயிற்றறையை உறுத்தும் எதைப் போட்டாலும் பாத வீக்கம் குறையும். அது மருந்தின் குணமில்லை, வேறிடத்துப் புண்ணின் விளைவு. வாய்வழி கொடுத்துத் திரும்பச் செய்யுங்கள்: ஒப்பிட வைக்கும் ஸ்டாண்டர்டு இண்டோமெதசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காராஜீனன் ஊசிக்கு 1 மணிநேரம் முன். எக்ஸ்ட்ராக்ட்டை சிஎம்சியில் (மருந்தைக் கலக்க உதவும் செல்லுலோஸ் கூழ்) கலக்கினால் கண்ட்ரோலுக்கும் அதே சிஎம்சி. வீக்கத்தை உடம்பே சுரக்கும் வேதிப்பொருள்கள் கட்டம் கட்டமாக உண்டாக்கும். முதல் ஒரு மணிநேரத்தில் மட்டும் அடங்கினால் ஹிஸ்டமின், செரட்டோனின் பக்கம் பாருங்கள். 3 மணிநேரத்துக்கு மேல் அடங்கினால்தான் புராஸ்டகிளாண்டின் பேச்சு.

நகரி: நெறிமுறைக் குழு ஒப்புதலைச் சோதனை முடிந்தபின் வாங்கலாமா?

முடியாது. முதல் எலியைத் தொடும் முன்பே கையில் இருக்கணும்.

வாளையார்: இதில் தேறினால் முடக்குவாதத்துக்கு மருந்து என்று சொல்லலாமா?

கூடாது. இது சில மணிநேர வீக்கம். முடக்குவாத மருந்தைச் சோதிக்க, எலிக்கு மூட்டுவாதத்தை வரவைக்கும் ஃபிராயிண்ட் முழு அட்ஜுவண்ட் 0.1 மில்லி போட்டு, 21 அல்லது 28 நாள் பார்க்கணும். லூயிஸ் இன எலியில் மூட்டுவாதம் நன்றாகப் பிடிக்கும், விஸ்டார் இனத்தில் எலிக்கு எலி வித்தியாசப்படும். அந்த நாட்களில் எலிக்கு எட்டி எழ முடியாது. தீவனத்தைக் கூண்டின் தரையிலேயே வையுங்கள், நீளமான தண்ணீர்க் குழாய் மாட்டுங்கள், படுக்கையை மெத்தென்று போடுங்கள். பட்டினியால் எடை குறைந்தால் அதை நோயின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.