தோடி ராகத்துக்கு ஏன் கார்டு (chord) ஒட்டுவதில்லை?

கேள்வி: இரண்டாம் பாகப் படங்களில், முதல் பாகத்தின் மெட்டையே மேற்கத்திய வாத்தியக் குழுவோடு மீண்டும் ஒலிக்கச் செய்கிறார்கள். சில இடங்களில் இழைகிறது. சில இடங்களில் ஒட்டவில்லையே, ஏன்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: பெரும்பாலும் ராகத்தின் இயல்பே காரணம். கீரவாணியின் சுரங்கள் மேற்கத்திய இசையின் ஹார்மோனிக் மைனர் சுரவரிசையுடனும், சங்கராபரணத்தின் சுரங்கள் மேஜர் சுரவரிசையுடனும் ஒத்துப்போவதால், அவற்றின் அடியில் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, அடுக்குவது எளிது. தோடி அப்படியன்று, அதன் காந்தாரம் (‘க’ சுரம்) ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருப்பதால், வயலின் கூட்டம் அதை அசைவின்றி நீட்டி வாசித்தால் சுரம் இருக்கும், ராகம் இருக்காது. விவரமறிந்த இசையமைப்பாளர் கமகங்களை (சுரங்களின் அசைவுகளை) நாகசுரத்திடமோ வீணையிடமோ விட்டுவிட்டு, செல்லோக்களைச் சட்ஜ பஞ்சமத்தில் (அசையாத ‘ச’, ‘ப’ சுரங்களில்) மட்டும் நிறுத்தி வைப்பார். நம் மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவில் இருவகை வாத்தியங்களும் சேர்ந்து ஒலிப்பதை நேரில் கேட்டால் இது காதுக்கே புரியும். (ஒலியைக் கூட்டுவதையே பிரம்மாண்டம் என்று கருதுவோருக்கு இந்த வேலையெல்லாம் தேவைப்படாது.)

இசையமைப்பாளர் மாறுவது இன்னொரு காரணம். ‘இந்தியன்’ (1996) ஏ.ஆர். ரஹ்மானுடையது, ‘இந்தியன் 2’ (2024) அனிருத்துடையது. ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரு பாகங்களுக்கும் (2022, 2023) ரஹ்மானே இசையமைத்ததால், அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை.