காய்ச்சல் வரைபடத்தில் எதைப் புள்ளியாக வைப்பது?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பகுதியில் ஃபுளூ காய்ச்சல் பரவுகிறது. ஒரு கிளினிக்குக்கு வந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தோம். செக்காலைச் சாலையை ஒட்டியே புள்ளிகள் குவிந்திருக்கின்றன. நோய் அங்கேதான் தொடங்கியதா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த கிளினிக் எந்தச் சாலையில் இருக்கிறது? பக்கத்தில் குடியிருப்பவர்கள்தானே அங்கு அதிகம் வருவார்கள்!

1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலரா மரணங்களை வரைபடத்தில் குறித்தபோது, அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி நின்றன. ஃபுளூவுக்கு அப்படி ஒரு குழாய் கிடையாது. அது பள்ளி வேனிலும் தேவகோட்டை பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் ஆளோடு ஆளாகப் பயணம் செய்கிறது. எனவே ஒவ்வொருவரிடமும் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கேளுங்கள். பரிசோதனை முடிவு வந்த தேதி உதவாது. தொற்றிய 1 முதல் 4 நாட்களுக்குள் காய்ச்சல் காணும். ஆகவே அதற்கு முந்தைய நான்கு நாட்கள் எங்கெங்கே போனார்கள் என்று விசாரித்து, வீட்டிலிருந்து அந்த இடங்களுக்குக் கோடு இழுங்கள். மூன்று நாட்களுக்கு ஒரு நிறம் கொடுத்தால், கோடுகள் கூடும் இடமும் காலமும் தெரியவரும்.

செட்டிநாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆட்கள் புழங்கும் வாசலில் குறியுங்கள். நகரத்தார் வழக்கில் புள்ளி என்றால் மணமான ஒரு குடும்பம். கோயில் வரியே அந்தக் கணக்கில்தான். ஒரே வளவில், அதாவது ஒரே பெரிய வீட்டில், இப்படிப் பல புள்ளிகள் இருக்கலாம். ஆகவே உங்கள் படத்தில் வீட்டுக்கு ஒன்று வைக்காமல், நோயுற்ற ஆளுக்கு ஒன்று வையுங்கள். அருகே வீட்டில் வசிப்போர் எண்ணிக்கையையும் எழுதுங்கள். 40 பேரில் நால்வர் படுப்பதும் ஐந்து பேரில் நால்வர் படுப்பதும் ஒன்றல்ல.

கதவு எண் உள்ள பிரதி மாநகராட்சிச் சுகாதார அலுவலருக்கு மட்டும் போகட்டும். ஊருக்குக் காட்டும் படத்தில் தெருவோடு நிறுத்துங்கள்.

எனக்குப் பெரிய கவலை, புள்ளியே விழாத வீடுகள்தான். பூட்டிய வீடுகளுக்கு நடுவே தனியாக இருக்கும் ஆச்சிகள் கிளினிக்குக்கு வருவதில்லை. படத்தில் அந்த இடம் நோயற்றதாகத் தெரியும். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் கலைந்த மறுநாளிலிருந்து நான்கு நாட்கள், தினமும் அந்தக் கதவுகளைத் தட்டுங்கள். ஓசல்டாமிவிர் என்ற ஃபுளூ மருந்தைக் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் தொடங்கினால் பலன் அதிகம். மூச்சுத் திணறல் இருந்தால் எதற்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.