மலேரியா, ஆக்சிஜன், வைட்டமின் என்ற பெயர்களுக்கு என்ன பொருள்? எப்படி வந்தன?

பெயர் வைத்த காலத்தில் எதை நம்பினார்களோ, அதுவே பல நேரங்களில் பெயராகிவிட்டது. நம்பிக்கை பொய்த்த பிறகும் பெயர் மாறவில்லை.

மலேரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய மொழியில் ‘மாலா ஆரியா’ என்றால் கெட்ட காற்று. சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நாற்றக் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நினைத்தார்கள். அவர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சதுப்பு நிலத்துக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பதைச் சரியாகவே கவனித்திருந்தார்கள். நடுவில் இருந்த கொசுதான் புலப்படவில்லை. 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைப் பார்த்தார். 1897இல் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டுபிடித்தார்.

ஆக்சிஜன் என்றால் கிரேக்க வேர்களின்படி ‘அமிலத்தை உண்டாக்குவது’. எல்லா அமிலங்களிலும் அது இருக்கும் என்று, அந்தப் பெயரைச் சூட்டிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் கருதினார். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது!

வைட்டமினும் இப்படித்தான். 1912இல் உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க், ‘உயிருக்கு வேண்டிய அமின்’ என்ற பொருளில் அந்தப் பெயரைச் சூட்டினார். அமின் என்பது நைட்ரஜன் கொண்ட ஒருவகைச் சேர்மம். வைட்டமின் சி உட்படப் பலவும் அமின்கள் அல்ல என்று பின்னர் தெரிந்தது. 1920இல், ஆங்கிலத்தில் ‘vitamine’ என்று எழுதிவந்ததன் கடைசி ‘e’ எழுத்தை மட்டும் நீக்கினார்கள்.

தடுப்பூசியைக் குறிக்கும் ‘வாக்சின்’ அப்படியல்ல. லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. 1796இல் ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் பெரியம்மையைத் தடுக்கப் பயன்படுத்தியது பசு அம்மையைத்தான். பிற நோய்களின் தடுப்பு மருந்துகளுக்கும் அதே பெயரை வைக்கலாம் என்று சொன்னவர் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதை செய்யும் விதமாக.