பௌர்ணமி வந்தால் முகம் சுளிப்பது ஏன்?

கேள்வி: திருவண்ணாமலையில் தீபம், பௌர்ணமி என்று பணம் கொழிக்கிறது. ஆனால் அங்கே குடியிருக்கும் என் உறவினர்கள், கிரிவலக் கூட்டம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். ஊருக்கு வருமானம் வேண்டும், தொந்தரவு மட்டும் கூடாதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பணம் கொழிப்பது நிஜம். யாரிடம் என்பதுதான் விஷயம். லாட்ஜ், ஓட்டல், ஆட்டோ, பூஜைச் சாமான் கடை, கார் நிறுத்த வாடகைக்கு விடும் காலி மனை – இங்கெல்லாம் கல்லா நிறைகிறது. செங்கம் சாலையில் குடியிருக்கும் ஆசிரியைக்கும் மாட வீதிச் சந்தில் இருக்கும் தையல்காரருக்கும் கிடைப்பது அடைத்த தெரு, நாறும் சாக்கடை, ஏறிப்போன வீட்டு வாடகை. ஒருவருடைய வரவையும் இன்னொருவருடைய செலவையும் ஒரே பேரேட்டில் எழுதி ‘ஊருக்கு லாபம்’ என்று கோடு போட்டுவிடுகிறோம்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அவர்கள் சுளிப்பது கிரிவலக் கூட்டத்துக்கு. தீபத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறாக இருக்கும். தீபம் அவர்கள் வீட்டு விசேஷம்; வெளியூர் சொந்தமெல்லாம் வந்து இறங்கும். அதைவிட, தீபத்துக்கு அரசு முழு பலத்தோடு வருகிறது: வெளிமாவட்டப் போலீஸ், கூடுதல் தூய்மைப் பணியாளர்கள், ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள். பௌர்ணமியோ வருஷத்துக்கு 12, 13 முறை வருகிறது. 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். ஏற்பாடு மட்டும் தீபத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். போதாக்குறைக்கு இப்போது சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டது.

கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வைத்தார்கள் என்று அறிக்கை வரும். எங்கே வைத்தார்கள், நள்ளிரவில் தண்ணீர் இருந்ததா என்று வராது. பேருந்து இறங்கும் இடத்தில் வரிசையாக வைத்துவிட்டு, கிரிவலப் பாதையின் நடுவழியில் வைக்காமல் விட்டுவிட்டால், தேவைப்படுகிறவர் இருட்டான சந்தைத் தேடுவார். அது யாரோ ஒருவர் வீட்டுப் பின்புறம். தொட்டியைச் சாயங்காலத்துக்குள் நிரப்பாவிட்டால், கூட்டம் சேர்ந்தபின் டேங்கர் லாரி உள்ளே நுழைய முடியாது. விடியும்வரை அது பூட்டாத, ஆனால் யாரும் நுழைய முடியாத அறை.

அன்னதானமும் அப்படித்தான். உணவுப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதி பெற்று, குறித்த இடத்தில் கொடுத்தால் குறையொன்றுமில்லை. வண்டியை நிறுத்திக் கண்ட இடத்தில் கொடுத்துவிட்டுப் போகிறவர், மிச்சமான சாம்பார் சாதத்தைத் தட்டோடு கால்வாயில் கொட்டுகிறார். சோறு ஊறி, தட்டு மதகில் அடைத்து, அடுத்த மழைக்குக் கழிவுநீர் வாசல்படி ஏறுகிறது. புண்ணியம் ஒருவருக்கு, வாசல் கழுவுவது இன்னொருவர். (ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை. கிரிவலப் பாதைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.)

உங்கள் உறவினர்கள் முணுமுணுப்பதோடு நிற்கிறார்கள் என்றால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் தனித்தனியாக மனுக் கொடுத்தால் கட்டோடு கட்டாகப் போகும். தெருவாசிகள் சேர்ந்து, தீபத்துக்கு முன் கலெக்டர் நடத்தும் ஆலோசனைக் கூட்டத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும்; பந்தோபஸ்து வரைபடம் முடிவான பிறகு தடுப்புக் கட்டையை ஒரு அடி நகர்த்த ஆளில்லை. ‘ஆவன செய்க’ என்று எழுதாமல் இப்படிக் கேளுங்கள்: ஆதாரைக் காட்டினால் குடியிருப்பவர் வண்டிக்கு அனுமதிச் சீட்டு, டயாலிசிஸ் நோயாளி, கர்ப்பிணி இருக்கும் வீடுகளின் பட்டியல் அந்தத் தெரு போலீஸ்காரர் கையில், ஆம்புலன்ஸ் எந்தச் சந்து வழியாக வெளியேறும் என்பது எழுத்தில்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி ஒரு மனு: வாகன நிறுத்த ஏலத்தில் வந்த தொகை எவ்வளவு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி துப்புரவுக்குச் செலவானது எவ்வளவு? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். நீங்கள் சொல்கிற ‘ஊர் வருமானம்’ அந்தக் காகிதத்தில் தெரியும்.

கடைசியாக, நீங்களும் கிரிவலம் போகிறவர் என்றால், காரை உறவினர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். விழுப்புரத்திலிருந்து பௌர்ணமிக்குச் சிறப்பு ரயில் விடுகிறார்கள்.