அமோனியாவும் மூளையின் தற்காப்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஈரல் கெட்டால் மூளை ஏன் குழம்புகிறது?

பதில்: புரதச் சிதைவில் உண்டாகும் அமோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றிவிடுகிறது. ஈரல் வடுப்பட்டுச் சுருங்கும் சிர்ரோசிஸ் நோய் முற்றியவரிடம் அந்த வேலை தடைப்படுவதால், அமோனியா இரத்தத்தோடு மூளைக்குள் நுழைகிறது. நீட்டிய கைகளின் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி நிறுத்தச் சொன்னால், விரல்கள் சிறகடிப்பதுபோல் துவண்டு துவண்டு எழுவதை அப்போது பார்க்கலாம்.

மூளையில் நியூரான்களுக்கு (நரம்புச் செல்களுக்கு) துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அமோனியாவைக் குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்துக் குளூட்டமைனாக்கி அடக்குகின்றன. சுமை மிகும்போது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு என்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவமும், தூண்டப்பட்ட ஏற்பிகளின் வழியாக நைட்ரிக் ஆக்சைடும் பெருகி, இரண்டும் இணைந்து பெராக்சிநைட்ரைட் என்ற கேடு செய்யும் பொருளாகின்றன. அமோனியாவை அடக்கும் நொதியையே அது முடக்கிவிடுகிறது. இதற்கு எதிராக, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்க, கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் அதைத் தண்ணீராக்குகின்றன. இந்தக் கடைசி நொதி பயன்படுத்தும் குளூட்டாதயோன் என்ற காப்புப்பொருள் ஆஸ்ட்ரோசைட்டுகளில்தான் மிகுதி. நியூரான்கள் அதைத் தயாரிக்க வேண்டிய மூலப்பொருளுக்கு அவற்றையே நம்பியிருக்கின்றன.

கேள்வி: அப்படியானால், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ மாத்திரை உதவுமா?

பதில்: ஈரல் நோயால் வரும் மூளைக் குழப்பத்துக்கு அது ஏற்கப்பட்ட சிகிச்சையன்று.

கேள்வி: குளூட்டமைன் காப்பதாகச் சொன்னீர்கள். அதுவே கெடுப்பதாகப் படித்தேனே?

பதில்: நல்ல மறுப்பு. 2006இல் ஆல்பிரெக்ட், நோரன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த டிரோஜன் குதிரைக் கருதுகோளின்படி (கிரேக்கக் கதையில் எதிரிகளை உள்ளே மறைத்துக் கோட்டைக்குள் நுழைந்த மரக்குதிரையின் பெயர் அது), குளூட்டமைன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று உடைந்து, அமோனியாவை அங்கேயே இறக்கிவிடுகிறது. குளூட்டமைன் உருவாவதை மெத்தியோனின் சல்ஃபாக்சிமைன் என்ற வேதிப்பொருளால் தடுத்த ஆய்வகச் சோதனைகளில் செல்வீக்கம் குறைந்தது இதற்குச் சாதகம்.

கேள்வி: அதே சோதனையை, குளூட்டமைன் தண்ணீரை இழுப்பதாலும் விளக்கலாமே? குதிரை எதற்கு?

பதில்: விளக்கலாம், அந்தச் சோதனை மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீக்கம் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை (சூப்பராக்சைடு போன்றவை பெருகிச் செல்லைத் தாக்குவதை) கூட்டுகிறது, அந்த அழுத்தம் வீக்கத்தைக் கூட்டுகிறது. ஆகவே ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ள நான் தயாரில்லை.

கேள்வி: பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை?

பதில்: மாத்திரைக் கேள்வி மறுபடியும்! செறிவூட்டிய அந்தச் சாற்றால் ஈரலே பழுதான நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வேண்டாம்.

கேள்வி: பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. பொதுவாக நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. ஈரல் தளரும்போது தசையும் அமோனியாவைக் குளூட்டமைனாக்கி அடக்குவதால், பட்டினியால் தசையை இழப்பது பாதகமே.

கேள்வி: அப்பா பகலில் தூங்கி வழிகிறார். அமோனியாவைக் குறைக்கத் தரும் லாக்டுலோஸ் மருந்தை நிறுத்திவிட்டுக் குளூட்டாதயோன் மாத்திரை தரலாமா?

பதில்: லாக்டுலோஸை நீங்களாக நிறுத்தாதீர்கள். என் பதிலுக்குக் காத்திராமல் இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.