மறு: படிவத்தை அனுப்பினால் 419 பிழை வருகிறது

வணக்கம் ஐயா. பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள உங்கள் மளிகைக் கடைக்காக, பினாங்கு மொத்த வியாபாரியின் தளத்தில் இரவுதோறும் ஆர்டர் படிவத்தை நிரப்பும் பிஎச்பி நிரல், உலாவி அனுப்பும் அதே விவரங்களை அனுப்பியும் 419 பிழையையே பெறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த எண் எச்டிடிபி தரத்தில் உள்ளதன்று. படிவத்தோடு வரவேண்டிய மறைவான டோக்கன் (அடையாளக் குறி), அமர்வோடு (தளம் உங்களை நினைவில் வைத்திருக்கும் தொடர்போடு) பொருந்தாதபோது, பிஎச்பி இணையதளக் கட்டமைப்பான லாராவெல் தரும் பதில் அது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

முதலில் படிவப் பக்கத்தை கெட் முறையில் பெற்று, டோக்கன் புலத்தின் மதிப்பை பக்கத்தின் எச்டிஎம்எல்லை அலசும் பிஎச்பி வகுப்பான டாம்டாக்குமென்ட் கொண்டு படித்தெடுத்து, அதே குக்கிகளுடன் (அமர்வை அடையாளம் காட்டத் தளம் தரும் சிறு தகவல்களுடன்), விவரங்களை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில் சேர்த்து அனுப்ப வேண்டும். நீங்கள் பதிவிட்ட நிரலிலோ இரண்டு கோரிக்கைகளுக்கும் தனித்தனியே கர்ல் (இணையக் கோரிக்கைகளை அனுப்பும் கருவி) தொடங்கப்படுகிறது. குக்கிகள் கோப்பில் எழுதப்படுவது முதல் கர்ல் பொருள் அழியும்போதுதான். பிஎச்பி 8.0 முதல் கர்ல் குளோஸ் கட்டளைக்கு விளைவு ஏதும் இல்லை என்பதால், அந்த மாறி இருக்கும்வரை கோப்பு காலியாகவே கிடக்கும், இரண்டாவது கோரிக்கையும் முன்பின் தெரியாத ஆளாகவே போய் நிற்கும். ஒரே கர்ல் பொருளை இரண்டுக்கும் பயன்படுத்தி, குக்கிஃபைல் அமைப்புக்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் குக்கிகள் நினைவகத்திலேயே இருந்துவிடும், கோப்பே தேவையில்லை.

விவரங்களை அணியாகவே கொடுத்திருப்பதால் கர்ல் அவற்றைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் மல்டிபார்ட் வடிவில் அனுப்புகிறது. இப்பிழைக்கு அது காரணமன்று. எனினும் உலாவியைப் போலவே அனுப்ப, எச்டிடிபி பில்ட் குவெரி என்ற பிஎச்பி செயற்கூறு வழியாகச் சரமாக்கிவிடுங்கள்.

வியாபாரியிடம் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழி) வசதி உண்டா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் ஒரு புலத்தின் பெயரை மாற்றினாலே இந்த நிரல் நின்றுவிடும்.